பேனாக்கத்தி தீட்டினவுடன தாளை அறுக்குது, பத்துப் பெட்டி வெட்ட முதல் மொட்டை. எங்க பிழை?

கடலோரம்_06:

வணக்கம். நாளாந்தம் ரெண்டு கத்தி பாவிக்கிறன். ஒண்டு பல கருவி உள்ள மடக்குக்கத்தி, விக்டோரினொக்ஸ் 91 மில்லிமீற்றர். மற்றது மரப்பிடி மடக்குக்கத்தி, ஒபினெல் 8ஆம் இலக்கம், கார்பன் உருக்கு. கல்லு, கொழும்பு பழைய சோனகத் தெரு ஹாட்வெயார்க் கடைகளில கிடைக்கிற சாம்பல் நிறக் கார்போரண்டம். ஒரு பக்கம் சொரசொரப்பு, மற்றப் பக்கம் கொஞ்சம் நைசு.

தீட்டி முடிச்சவுடன விக்டோரினொக்ஸ் ஏ4 தாளைச் சர்ரெண்டு அறுக்குது, கை மயிரும் வழிக்குது. ஆனால் எட்டு, பத்துக் காட்போட் பெட்டி வெட்டினால் போதும், பிறகு டேப்பைக்கூட இழுத்துக் கிழிக்குதே தவிர வெட்டுதில்லை. திரும்பத் தீட்டினால் திரும்ப அதே கதை. கல்லை மாத்த வேணுமோ, கோணம் பிழையோ, அல்லது அந்த உருக்கே அவ்வளவுதானோ?

ஒபினெல் வேற மாதிரி. கூர் நிக்குது, ஆனால் அலகில கறுப்புப் புள்ளி விழுந்து கறள் பிடிக்குது. மழை துவங்கினால் மரப்பிடி ஊதி, அலகை வெளியில இழுக்கவே ஏலாமல் இறுகிப்போகுது.

தெருவில சில்லு வச்சு சாணை பிடிக்கிறவரிட்ட குடுக்கலாமோ எண்டும் சொல்லுங்கோ. மூட்டுக்கு என்ன எண்ணெய் விடுறது? வீட்டில தேங்காயெண்ணெயும் டபிள்யூடி-40உம் கிடக்கு.


தீட்டுக்கல்:

தம்பி, உங்கட கத்திக்குக் கூர் வந்து போகேல்லை. வரவே இல்லை. தாளை அறுத்ததும் மயிரை வழிச்சதும் பிசிர்.

ஒரு பக்கத்தைக் கல்லில தேய்க்கத் தேய்க்க, வாயின், அதாவது வெட்டுற ஓரத்தின், கடைசி நுனியில இருக்கிற உருக்கு மெல்லிசாகி, கல்லுக்கு நிண்டு குடுக்க ஏலாமல் மற்றப் பக்கம் மடிஞ்சு தொங்கும். அதுதான் பிசிர். அது நிமிர்ந்து நிக்கேக்க சவர அலகு மாதிரி மெல்லிசு, எதையும் அறுக்கும். ஆனால் அது ஏற்கெனவே ரெண்டு மூண்டு தரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடிஞ்சு களைச்ச உருக்கு. முதல் காட்போட்டிலேயே முறியும் அல்லது சரியும். முறிஞ்ச இடத்தில மிஞ்சுறது ஒரு தட்டையான விளிம்பு. அதைத்தான் நீங்கள் மொட்டை எண்டு சொல்லுறியள்.

விக்டோரினொக்ஸுக்கு இது கூடுதலா நடக்கும். அவை பாவிக்கிற 1.4110 உருக்கு ரொக்வெல் அளவில 56 அளவு கடினம். குரோமியம் சுமார் 14 சதவீதம். முறியாது, வளையும். அதனால பிசிரும் லேசில விழாது, பக்கம் மாத்தி மாத்தித் தொங்கிக்கொண்டே இருக்கும். உருக்கைக் குறை சொல்ல ஒண்டுமில்லை. பையில கொண்டு திரியிற கத்திக்கு அது நல்ல தெரிவு, ரெண்டு நிமிசத்தில கூர் திரும்ப வரும். பிசிரை எடுக்கத் தெரிய வேணும், அவ்வளவுதான்.

இனிச் செய்முறை. ஈரத் துவாயை மேசையில மடிச்சுப் போட்டு அதுக்கு மேல கல்லை வையுங்கோ, வழுக்காது. மற்றக் கருவியளை எல்லாம் மடிச்சு, பெரிய அலகை மட்டும் திறவுங்கோ. வாயோரச் சரிவு முழுக்கக் கறுப்பு மார்க்கரால ரெண்டு பக்கமும் பூசுங்கோ. இதை விட்டிடாதேங்கோ. கல்லில ரெண்டு தரம் இழுத்துப்போட்டுப் பாருங்கோ: மை சரிவின் மேற்பக்கத்தில மட்டும் அழிஞ்சிருந்தால் முதுகைத் தாழ்த்திப் பிடிக்கிறியள், கல்லு வாயைத் தொடவே இல்லை. வாய் நுனியில மட்டும் அழிஞ்சால் கூட உயர்த்திப் பிடிக்கிறியள். முழுச் சரிவும் ஒரே சீரா வெளிச்சால் அதுதான் உங்கட கோணம்.

எண்ணிக்கையா வேணுமெண்டால்: பக்கத்துக்கு 20 பாகை வைப்பம். அலகின் அகலத்தை முதுகிலிருந்து வாய் வரைக்கும் அளந்து 0.34ஆல பெருக்குங்கோ. 15 மில்லிமீற்றர் அகலமெண்டால் 5.1 வரும். அது முதுகின் நடுக்கோட்டுக்கு. முதுகு 2 மில்லிமீற்றர் தடிப்பெண்டால் அதில பாதியைக் கழிச்சு, கல்லுக்கும் முதுகின் கீழ் விளிம்புக்கும் இடையில கிட்டத்தட்ட 4 மில்லிமீற்றர் இடைவெளி. அட்டையை அந்தத் தடிப்புக்கு மடிச்சு ஒவ்வொரு பத்துத் தேய்ப்புக்கும் ஒருக்கா வச்சுப் பாருங்கோ. ஒரு பாகை அங்கால இங்கால போனால் குடி முழுகாது. தேய்ப்புக்குத் தேய்ப்பு ஆடுறதுதான் கெடுதல், வாய் உருண்டு போகும்.

ஒரு பக்கத்தை மட்டும் தேய்ச்சுக்கொண்டே போங்கோ, மற்றப் பக்கம் பிசிர் வரும் வரைக்கும். எப்பிடித் தெரியும்? பெருவிரலின் சதையை முதுகுப் பக்கத்திலிருந்து வாயைத் தாண்டி வெளிய இழுங்கோ. வாய் நெடுக இழுக்கப்படாது, விரல் போகும். பிசிர் இருந்தால் கடைசியில நகம் மாதிரி ஏதோ கொளுவும். விரலில பிடிபடாட்டி ஒரு பஞ்சுத் துண்டை அதே திசையில இழுங்கோ, நூல் மாட்டும். அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரு இடம் விடாமல் கொளுவ வேணும். முக்கால்வாசி வந்திட்டுது, காணும் எண்டு பக்கம் மாத்தினால் அந்தக் கால்வாசி எப்பவும் மொட்டைதான்.

வந்தாப் பிறகு மற்றப் பக்கத்தையும் அதே மாதிரி. பிசிர் திரும்பி முதல் பக்கத்துக்கு வரும். நீங்கள் நிப்பாட்டின இடம் இதுதான் எண்டு நினைக்கிறன். வேலையில பாதிதான் முடிஞ்சிருக்கு.

இனி அமத்தத்தைக் குறைக்க வேணும். குசினித் தராசு இருந்தால் கல்லை அதில வச்சுப் பூச்சியமாக்கிப்போட்டுத் தேயுங்கோ. பிசிர் எழும்பிற வரைக்கும் 500 கிராமிலிருந்து 1 கிலோ வரை. பக்கத்துக்கு அஞ்சு, பிறகு மூண்டு எண்டு குறைக்கேக்க 200 கிராம். கடைசியில ஒரு பக்கம் ஒண்டு, மற்றப் பக்கம் ஒண்டு எண்டு மாறி மாறி ஒரு பத்துச் சோடி, 100 கிராமுக்குக் கீழ, கத்தியின் சொந்தப் பாரம்தான் கிட்டத்தட்ட. கல்லிலிருந்து ஒரு மெல்லிய தோலைச் சீவி எடுக்கிற மாதிரி வாயை முன்னுக்குத் தள்ளுங்கோ. அதுக்கும் போகாட்டி முதுகை இன்னும் 1 மில்லிமீற்றர் உயர்த்தி, பக்கத்துக்கு ரெண்டே ரெண்டு தரம், இறகு தடவுற மாதிரி. தொங்குற பிசிர் அடியோட வெட்டுப்படும்.

போச்சோ எண்டு பார்க்கிற வழி: கத்தியை வாய் மேல பார்க்க, மேசை விளக்குக்குக் கீழ பிடிச்சு மெதுவா முன்னும் பின்னும் சரியுங்கோ. நல்ல வாய் கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சம் பட இடமில்லை. எங்கயாவது வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னினால் அங்க ஒண்டில் மொட்டை, இல்லாட்டிப் பிசிர். பிறகு வீரகேசரித் தாள் ஒண்டு எடுங்கோ. ஏ4 தாளை விடப் பத்திரிகைத் தாள் கடுமையான சோதனை. அதை மேலயிருந்து கீழ கிழிச்சால் நேராப் போகும், குறுக்கே கிழிச்சால் கோணல்மாணலாப் போகும். அந்தக் குறுக்குத் திசையில கத்தியை வச்சு அறுத்துப் பாருங்கோ. சத்தம் ஒரே சீரா வந்தால் சரி. ஒரு இடத்தில தாள் கொளுவிச் சுருங்கினால் அந்த இடத்தில பிசிர் மிச்சம்.


பட்டறை_பஞ்சிகாவத்தை:

மேலே சொன்னதற்கு நான் எதிர் இல்லை. ஆனால் கல்லையும் கவனிக்க வேண்டும். அந்தச் சாம்பல் கல்லின் நைசுப் பக்கம் பெரும்பாலும் 240 அளவுதான் (இலக்கம் கூடக் கூட மணி நைசாகும்). அதன் மணி ஒன்று சுமார் 50 மைக்ரோன், அதாவது ஏ4 தாளின் தடிப்பில் பாதி. மண்வெட்டிக்கும் கொடுவாக்கத்திக்கும் நல்லது. பேனாக்கத்தியில் அது பெரிய பிசிரை எழுப்பும், அந்தப் பிசிரை அதே கல்லால் எடுப்பது பெரும்பாடு. அலகில் பல் விழுந்திருந்தால் மட்டும் அதைப் பாவியுங்கள். வழமையான தீட்டலுக்கு 1000 கல் ஒன்று போதும்.

கல் வாங்கும் வரைக்கும் மலிவான வழி இருக்கிறது. வாகனம் பெயின்ற் பண்ணுகிறவர்கள் தேய்க்கும் கறுப்பு வெட் பேப்பர் பஞ்சிகாவத்தையிலும் குவாரி வீதியிலும் தாள் கணக்கில் விற்கிறார்கள். 400, 800, 1500, 2000 என ஒவ்வொரு தாள். கண்ணாடிக் கடையில் 6 மில்லிமீற்றர்த் தடிப்பில் ஒரு கழிவுத் துண்டு. கண்ணாடியை நனைத்துத் தாளை ஒட்டினால் தண்ணீரே பிடித்துக்கொள்ளும். தாளில் வாயை முன்னுக்குத் தள்ளக் கூடாது, தாள் கிழியும். முதுகு முன்னே போக இழுக்க மட்டும்தான். தாளுக்கு அடியில் துணி, ரப்பர், காட்போட் எதுவும் வைக்காதீர்கள். மெத்தென்று இருந்தால் தாள் அழுந்தி வாயைச் சுற்றி எழும்பி, கூரை உருட்டிவிடும்.

இலக்கங்களில் ஏமாறாதீர்கள். பேப்பரின் பின்னால் பி2000 என்று இருப்பது சுமார் 10 மைக்ரோன். யப்பானியத் தண்ணீர்க் கல்லில் 1000 என்பது 14 மைக்ரோன் அளவு, 3000 என்பது 4 அல்லது 5. ஆக உங்கள் 2000 தாள், 2000 கல் அல்ல. 1000 கல்லுக்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான்.

தெருச் சாணைச் சில்லு: குடுக்க வேண்டாம். உலர்ந்த சில்லில் தீப்பொறி பறக்கும்போது வாயின் நுனி எவ்வளவு சூடாகிறது என்பது கைக்குத் தெரியாது. அலகின் உடம்பு கையைச் சுடாமல் இருக்கும்போதே, தாளைப் போல மெல்லிய அந்த நுனி வெந்து போயிருக்கும். கார்பன் உருக்கு 220 பாகை செல்சியஸ் தாண்டும்போது வைக்கோல் மஞ்சளாகும், 300 அளவில் நீலமாகும். உங்கள் ஒபினெலில் நீலம் கண்டால் அந்த இடம் பதம் இழந்துவிட்டது. எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. நீலம் பட்ட அளவையும் அதற்கு உள்ளே கொஞ்சத்தையும் தேய்த்துத் தள்ளினால்தான் நல்ல உருக்கு வரும். ஸ்டெயின்லெஸில் நிறம் பிந்தித்தான் காட்டும், ஆகவே நிறம் மாறவில்லை என்று நம்பவும் முடியாது. இதைவிட, அடிப்பக்கத்தில் சில்லு ஒரு குழி தோண்டிவிடும். கொடுவாக்கத்தி, புல் வெட்டும் கத்தி என்றால் அவரிடமே குடுங்கள். அந்த வேலைக்கு அவர் கெட்டிக்காரர்.

வி வடிவத்தில் இரண்டு கார்பைட் துண்டு வைத்து இழுக்கிற கருவிகளும் வேண்டாம். அது தீட்டுவதில்லை, உருக்கைச் சுரண்டிக் கிழிக்கிறது.


கடலோரம்_06:

மிச்சம் நன்றி ரெண்டு பேருக்கும். மார்க்கர் பூசினதும் விசயம் விளங்கிச்சு: நடுப்பகுதியில முழுக்க அழியுது, நுனியில ஒரு சென்ரிமீற்றரும் அடியில கொஞ்சமும் மை அப்பிடியே நிக்குது. பிசிரும் அந்த ரெண்டு இடத்திலயும் வரேல்லை. அதே கோணத்திலதானே பிடிக்கிறன், ஏன்?


தீட்டுக்கல்:

நுனிக்குக் கிட்ட வாய் மேல் நோக்கி வளையுது. கையை நேரா இழுத்தால் அந்த வளைவு கல்லைத் தொடாது. வளைவு துவங்கிற இடம் கல்லுக்கு வரேக்க கைப்பிடியை மெதுவா உயர்த்துங்கோ, முழங்கை எழும்பிற அளவுக்கு. பலபேர் முதுகைச் சாய்க்கினம், அது பிழை. அப்பிடிச் செய்தால் நுனி உருண்டு போகும். நுனி கல்லை விட்டு வெளிய விழ முதல் நிப்பாட்டுங்கோ. விழுந்தால் நுனி மொட்டையாகிறதோட பக்கத்தில கீறலும் விழும். முழு நீளத்தையும் ஒரே இழுப்பில எடுக்க வேண்டியதில்லை. இடது கை ரெண்டு விரலை வாய்க்கு நேர மேல வச்சு, விரலுக்குக் கீழ இருக்கிற ரெண்டு சென்ரிமீற்றரை மட்டும் தேயுங்கோ. பிறகு விரலை நகர்த்துங்கோ. கல்லு விரலுக்குக் கீழதான் வெட்டும்.

அடிப்பக்கம்: கல்லின் நடுவிலயே தேய்ச்சால் கைப்பிடியும் அதோட ஒட்டின கூரில்லாத பகுதியும் கல்லின் ஓரத்தில முட்டி அலகைத் தூக்கும். கல்லை மேசை விளிம்புக்குக் கொண்டுவந்து, அலகைக் குறுக்காக் கல்லின் ஓரத்துக்குச் சரியா வையுங்கோ.

உங்கட கல்லும் நடுவில குழிஞ்சிருக்கும். பழைய கல்லு எல்லாம் அப்பிடித்தான். பென்சிலால கட்டம் கட்டமாக் கீறி, மேலே சொன்ன கண்ணாடியில 120 தாளை நனைச்சுப் போட்டுக் கல்லைக் கவிட்டுத் தேயுங்கோ. கோடு முழுக்க அழிஞ்சால் சமம். நடுவில மட்டும் கோடு மிச்சமிருந்தால் அதுதான் குழி.


அடுக்களை_மேசை:

ஒபினெல் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன். கார்பன் உருக்கில் 0.9 சதவீதம் கார்பன் உண்டு, கறளைத் தடுக்கும் குரோமியம் இல்லை. கடலில் இருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற வெள்ளவத்தை வீட்டில், காற்றிலேயே உப்பு. தேசிக்காயோ மாங்காயோ வெட்டிவிட்டு அரை மணித்தியாலம் விட்டால் போதும், புள்ளி விழும். காற்சட்டைப் பையில் வைத்தால் வியர்வையும் அதே வேலையைச் செய்யும். வெட்டி முடிந்த கையோடு ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். தோல் உறைக்குள் வைத்து மூடி விடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

இருக்கிற கறளுக்கு, தக்கைத் துண்டில் 2000 தாளைச் சுற்றி, ஒரு துளி எண்ணெய் விட்டு, அலகின் நீளவாக்கில் தேயுங்கள். சட்டி உரசும் கம்பித் தும்பு வேண்டாம். குறிப்பாக விக்டோரினொக்ஸில். அதன் இரும்புத் துகள் அலகில் ஒட்டி நின்று தானும் கறளாகி, ஸ்டெயின்லெஸுக்கும் புள்ளி வைக்கும்.

கறுப்பு எல்லாமே கெடுதல் இல்லை. செம்மஞ்சளாக, தொட்டால் விரலில் ஒட்டுவது கறள். சாம்பல் அல்லது நீலக் கறுப்பாக, துடைத்தாலும் போகாமல் படிந்திருப்பது காப்புப் படிவு, அதை விட்டுவிடுங்கள். அதை நாமே உண்டாக்கலாம், தேயிலை நாட்டில் இருந்துகொண்டு வேறெதையும் தேடத் தேவையில்லை. ஒரு கோப்பைத் தண்ணீரில் டஸ்ட் தேயிலை நாலு தேக்கரண்டி போட்டுக் கறுக்கக் கொதிக்க வைத்து, வடித்து, ஆறவிட்டு, ஒரு தேக்கரண்டி வினாகிரி சேருங்கள். அலகைச் சவர்க்காரம் போட்டு எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவி, ஒரு உயரமான கிளாசில் அலகு மட்டும் மூழ்கும்படி இரண்டு மூன்று மணித்தியாலம் நிறுத்துங்கள். மரப்பிடியும் பூட்டு வளையமும் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். தேயிலையின் தனின் இரும்போடு சேர்ந்து கறுக்கும். பழைய காலத்துப் பேனை மையிலும் இதே சேர்க்கைதான். விரல் ரேகை பட்ட இடம் வெளிறி நிற்கும், ஆகவே கழுவிய பின் அலகைத் தொடாதீர்கள். எடுத்ததும் கழுவி உலர்த்தி எண்ணெய் பூசுங்கள். கறள் மெதுவாகும், நிற்காது. துடைப்பது துடைப்பதுதான். வாயோரத்தைக் கடைசியில் தீட்டினால் அங்கே மட்டும் வெள்ளியாக இருக்கும்.

பிடி ஊதுவது: அது பீச் மரம், ஈரத்தைக் குடித்துப் பருக்கும். மே மாதம் தென்மேல் பருவக்காற்று துவங்க, அலகைப் பிடிக்கிற பிளவு ஒடுங்கும். இறுகி நிற்கும்போது நகத்தாலோ இடுக்கியாலோ இழுக்க வேண்டாம். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, கைப்பிடியின் பின் முனையைக் கெட்டியான மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுங்கள், அலகின் நுனி எழும்பும். ஒபினெல் பிறந்த பிரான்சின் சவோய்ப் பக்கத்தில் இந்தத் தட்டலுக்குத் தனிப் பெயரே உண்டு. பிறகு அலகைத் திறந்தபடி விசிறிக் காற்றில் இரண்டு நாள் விடுங்கள். வெயிலில் போடாதீர்கள், மரம் வெடிக்கும். நன்றாகக் காய்ந்ததும் வாசலினைப் பல்லுக்குத்தும் குச்சியால் பிளவின் உள்ளேயும் மூட்டிலும் அப்பி, அலகைப் பத்துத் தரம் திறந்து மூடி, மிச்சத்தைத் துடையுங்கள். காய்ந்த பிறகும் இறுக்கம் இருந்தால் மட்டும் பிளவை 240 தாளால் கொஞ்சம் உரசலாம். ஈரமாக ஊதியிருக்கும்போது உரசினால், பெப்ரவரி வெயிலில் அலகு லொடலொடவென்று ஆடும்.


கடலோரம்_06:

அக்கா, வாசலின் வேலை செய்யும் போல. தேங்காயெண்ணெயை ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை? அம்மாமார் அரிவாளுக்கு அதைத்தானே பூசுறவை.


அடுக்களை_மேசை:

அலகுக்குப் பூசலாம், கெடுதல் இல்லை. பலாக்காய்ப் பால் ஒட்டினால் அதை விடச் சிறந்தது ஒன்றுமில்லை. வெட்ட முதல் அலகில் தடவி, வெட்டிய பிறகு மறுபடி தடவித் துடைத்தால் பால் உருண்டு வந்துவிடும். மூட்டுக்குள் விடுவதுதான் சரியில்லை. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். வீட்டில் 29 பாகையில் தண்ணீராக இருப்பது, ஏசி 22இல் ஓடுகிற ஒபிசில் மெழுகாகி மூட்டை இறுக்கும். நாட்பட்டால் காறி, பையின் தூசியோடு சேர்ந்து பசையாகும்.

பார்மசியில் லிக்விட் பரஃபின் என்று சின்னப் போத்தலில் கிடைக்கும். நிறமில்லை, மணமில்லை, காறாது, பழம் வெட்டுகிற கத்திக்கும் பயமில்லை. மூட்டுக்கு ஊசி முனையளவு ஒரு துளி. கூடினால் தூசியைத்தான் சேர்க்கும்.


மட்டக்குளி_வயரிங்:

எண்ணெய் விடுறதுக்கு முன்னாடி கழுவுங்க. அந்தப் பிழையத்தான் எல்லாரும் செய்றாங்க. விக்டோரினொக்ஸ் மாதிரி ஸ்டெயின்லெஸ் கத்திய எல்லாக் கருவியும் பாதி திறந்து, வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற திரவம் ரெண்டு சொட்டு விட்டு ஒரு கால் மணித்தியாலம் ஊறவைங்க. தண்ணிக்குள்ளேயே ஒவ்வொன்னையும் பத்துத் தரம் திறந்து மூடுங்க. உள்ளே பஞ்சு அடைச்சிருந்தா ஈர்க்குக் குச்சியோட நுனியச் சீவித் தோண்டுங்க, ஊசி போட்டா கீறும். காலி முகத்திடல் மணல் போயிருந்தா ஓடுற தண்ணியில அடிச்சுக் கழுவுங்க. உதறி, நல்லாக் காய வச்சு, அப்புறம் ஒரு சொட்டு. ஒபினெல இப்படி ஊறப் போடவே கூடாது.

டபிள்யூடி-40 பேரே தண்ணிய விரட்டுறதுன்னுதான். மழையில நனைஞ்சா அடிச்சு ஈரத்த வெளியேத்தலாம், பழைய பசையக் கரைக்கலாம். உராய்வுக்கு அது நிக்காது, சாப்பாடு வெட்டுற அலகுக்கும் ஆகாது.

பெட்டி வெட்டுறவங்களுக்கு இன்னொன்னு: டேப்போட பசை அலகுல ஒட்டினா வெட்டு இறுகும், கூர் போச்சுன்னு நினைப்பீங்க. தேங்காயெண்ணெய் தடவி அஞ்சு நிமிசம் விட்டுத் துடைங்க. தின்னர், நகப்பூச்சு கழுவுற திரவம் ரெண்டும் வேணாம். விக்டோரினொக்ஸ் சிவப்புப் பிடில பட்டா பிளாஸ்டிக் கரைஞ்சு கையில ஒட்டும்.

தோல்வார் பத்தி யாரும் சொல்லலையே? பழைய பெல்ட்டு உட்பக்கம், பச்சை நிற பொலிஷ், தினமும் அம்பது தரம் இழுத்தா கல்லே தேவைப்படாது. கண்ணாடி மாதிரி மின்னும்.


தீட்டுக்கல்:

கழுவுற விசயம் முழுக்கச் சரி. அம்பது தரம் எண்டதில மட்டும் எனக்கு உடன்பாடில்லை. தோல் மெத்து. அமத்தி இழுக்க இழுக்க வாயைச் சுத்தி எழும்பி, உச்சியை உருட்டும். மின்னும், ஆனால் தக்காளித் தோலில வழுக்கும். பக்கத்துக்குப் பத்துக் காணும், தீட்டின கோணத்தை விடச் சற்றுத் தாழ்வா, வாரை இறுக்கிப் பலகையில ஒட்டிப்போட்டு. இழுப்பு முடியேக்க கையைத் திருப்பித் தூக்கிறது பலபேருக்குப் பழக்கம். அந்த ஒரு அசைவு போதும் கூரைக் கெடுக்க. நிப்பாட்டிப்போட்டு நேர மேல தூக்குங்கோ.

கடலோரம் தம்பிக்குப் பெட்டிதான் வேலையெண்டால் கண்ணாடி மினுக்கமும் வேண்டாம். காட்போட்டில களிமண், சுண்ணாம்புப் பொடி எல்லாம் கலந்திருக்கும், கூரைத் தின்னும். அதுக்கு 1000 கல்லோட நிப்பாட்டி, பிசிரை மட்டும் சுத்தமா எடுத்துப்போட்டு விட்டால், வாயில கண்ணுக்குத் தெரியாத சின்னப் பல்லு மிஞ்சும். இழுத்து வெட்டேக்க அதுதான் கடிக்கும். தடி சீவ, காகிதம் கத்தரிக்க எண்டால்தான் 3000உம் தோல்வாரும் பிரயோசனம்.


மட்டக்குளி_வயரிங்:

அண்ணே, பெட்டிக்கு நீங்க சொல்றது சரிதான், ஒத்துக்கிறேன். நான் சொன்னது வயர் உறை சீவுற கத்திக்கு. அங்க பல்லு இருந்தா செம்பக் கீறும், கீறின இடத்துல கம்பி முறியும்.


கடலோரம்_06:

கல்லில்லாத நேரம், ஒபிசில கூர் கொஞ்சம் இறங்கினால் என்ன செய்யிறது? இன்னொண்டு, கூட வேலை செய்யிற ஒருவர் டி2 உருக்குக் கத்தி வாங்கச் சொல்லுறார், கூர் நாலு மடங்கு நிக்குமாம்.


பட்டறை_பஞ்சிகாவத்தை:

தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். பீங்கான் கோப்பை என்றால் அடி வளையத்தில் மெருகு பூசாத, தொட்டால் சொரசொரக்கும் ஒரு விளிம்பு இருக்கும். அது நைசான தீட்டுக்கல். தண்ணீர் தொட்டு, வழமையான கோணத்தில், பக்கத்துக்கு ஐந்து ஆறு தரம், பாரமே இல்லாமல். கறுப்புக் கோடு விழுந்தால் வெட்டுகிறது என்று அர்த்தம். வளையமும் வழுவழுப்பாக இருந்தால் அந்தக் கோப்பை உதவாது. வேலை முடிந்ததும் கோப்பையைக் கழுவி வையுங்கள், அந்தக் கறுப்பு உருக்குத் தூள்.

டி2: கூர் கூட நாள் நிற்கும், நாலு மடங்கு என்பதை நான் எழுத மாட்டேன். 12 சதவீதம் குரோமியம் இருக்கிறதே, ஸ்டெயின்லெஸ் தானே என்று நம்பி வாங்குகிறார்கள். அதில் 1.5 சதவீதம் கார்பன். குரோமியத்தில் பெரும்பங்கு கார்பனோடு சேர்ந்து கடினமான மணிகளாகிவிடும், கறளைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. கொழும்பின் கடற்கரைப் பக்கத்தில் அது புள்ளி வைக்கும். அந்த மணிகளைச் சாதாரணக் கல் மெதுவாகத்தான் தின்னும். வைரத் தகடு வேண்டும், அதிலும் அமத்தக் கூடாது, அமத்தினால் வைரம் உதிர்ந்து தகடு வழுக்கையாகிவிடும். 1000 கல்லில் விக்டோரினொக்ஸின் பிசிரைச் சுத்தமாக எடுக்கக் கை பழகும் வரைக்கும் டி2 வாங்க வேண்டாம். அதில் பிழை விட்டால் திருத்த ஒரு முழுப் பின்னேரம் போகும்.


கடலோரம்_06:

2000 தாளில பிசிரை எடுத்து, கடைசிப் பத்துச் சோடியும் தராசில 80 கிராமிலேயே முடிச்சன். பத்திரிகைத் தாளைக் குறுக்கே அறுக்குது, நுனியில மட்டும் ஒரு இடம் இன்னும் கொளுவுது. பெட்டி இருபத்திரண்டு வெட்டியாச்சு, டேப் இன்னும் வெட்டுப்படுது. ஒபினெல் விசிறிக்கு முன்னால கிடக்கு.


தீட்டுக்கல்:

அந்த நுனிக்கு மார்க்கரை ஒருக்காப் போட்டுப் பாருங்கோ தம்பி. தாளில இழுக்கேக்க கைப்பிடியை உயர்த்தப் பிந்துறியள்.